செலக்டரில் சந்தனம்

நவம்பர் 19, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது. வாடகை நாற்காலிகளை இன்று காலை வந்து எடுத்துப்போனார்கள். ஒன்றில் கால் உடைந்திருந்தது. "யாருக்கா உடைச்சது?" என்று கேட்டபடி உள்ளே வந்தவன் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும், "பரவால்லக்கா, அது பழசுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இந்த போலீஸ் குடியிருப்பில் இனி நானும் நித்திலாவும்தான். அவள் பத்தாம் வகுப்பு. இன்று கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்தாள். பிறகு போய்ப் பார்த்தேன். தேதி மட்டும் எழுதியிருந்தாள்.

விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்கிறார்கள். அப்போது நான் தடுமாறக் கூடாது. அதனால் நடந்ததைக் கோவையாக இங்கே எழுதிவைக்கிறேன்.

என் கணவர் ஐயம்பெருமாள் ஆயுதப்படையில் தலைமைக் காவலர். கருவூலக் காவலில் இருந்தார். நவம்பர் 2ஆம் தேதி மதியம் காவலர் அறையில் தனியாக இருந்தபோது அவருடைய ரைஃபிள் வெடித்தது. மற்றவர்கள் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. புது ரைஃபிள். கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

விபத்து.

நவம்பர் 20, திங்கள்

பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். நான் தூங்கிக்கொண்டிருப்பதுபோல எல்லோரும் என்னிடம் மெல்லப் பேசுகிறார்கள்.

நவம்பர் 21, செவ்வாய்

சாயங்காலம் பேச்சிமுத்து வந்தார். ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்துப் பழுது பார்ப்பவர். ஆர்மரர் என்பார்கள். என் கணவரை 'அண்ணன்' என்றும் என்னை 'மதினி' என்றும்தான் கூப்பிடுவார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கூடத்தில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டவர், இன்று படியிலேயே நின்றார்.

பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா இட்லிப் பாத்திரத்தோடு அவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். "ஏ பேச்சிமுத்து, ஏன் வாசல்லயே நிக்க? உள்ள உன்னச் சுடவா போறாவ?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளில் இந்த வீட்டில் சத்தமாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

பேச்சிமுத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மதினி, ஒரு விஷயம் சொல்லணும். டி.எஸ்.பி. விசாரணையிலயும் இதத்தான் சொல்லப்போறேன். அந்த ரைஃபிள்ல செலக்டர் மாட்டிக்கிட்டு."

"செலக்டர்னா?"

மேசையில் கிடந்த டிவி ரிமோட்டை எடுத்து அதன் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். "இந்த எடத்துல சின்னதா ஒரு நெம்பு இருக்கும். ஒரு பக்கம் தள்ளுனா பூட்டு. மறுபக்கம் தள்ளுனா சுடும். புதுசுலா, ஏற்கனவே கொஞ்சம் டைட்டு. போன மாசம் ஆயுத பூசைக்கு எல்லா ரைஃபிளுக்கும் சந்தனம் வச்சோம்லா? அது நெம்புக்கு அடியில எறங்கி, கிரீஸோட சேந்து காஞ்சு இறுகிப்போச்சு. அண்ணன் அத எடுத்துவிடப் பாத்திருக்காரு. தட்டியிருப்பாரு. அந்த அசைவுல..."

ரிமோட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"பூசை முடிஞ்ச மறுநாளே நான் எல்லாத்தையும் கழத்தித் தொடச்சிருக்கணும். தொடைக்கல. என் தப்பு மதினி. எழுதிக் குடுத்துருதேன். என்ன வேணா செய்யட்டும்."

அவர் அழுதார். நான் அழவில்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 22, புதன்

ஆயுத பூசை அன்று நடந்ததை எழுதுகிறேன்.

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு ஆயுதக் கிடங்குக்குள் போக விடுவார்கள். வெள்ளை வேட்டி விரித்து, புது ரைஃபிள்களைச் சுவரில் சாய்த்து வரிசையாக வைத்திருந்தார்கள். முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய். என் கணவர் தன் ரைஃபிளை எண் பார்த்துக் கண்டுபிடித்து, "இதுதான் நம்மளுது" என்று காட்டினார். ஏதோ வீட்டுமனையைக் காட்டுவதுபோல. நித்திலாகூடக் கிண்டல் செய்தாள்: "பத்திரம் யாரு பேருலப்பா?"

காவலர்கள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். இவருடைய ரைஃபிள் வந்தபோது, "எங்க டீச்சரம்மா வைக்கட்டும்" என்றார். அந்தச் சந்தனமே நான் வீட்டில் பன்னீர் விட்டு உரைத்துக் கொண்டுபோனது.

ரைஃபிளின் கட்டையில் ஒரு பொட்டு வைத்தேன். பக்கவாட்டில் ஒன்று சின்ன மூக்குபோல நீட்டிக்கொண்டிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. பொட்டு வைக்கத் தோதான இடமாக இருந்தது. அதன் மேலும் தாராளமாக வைத்து, குங்குமமும் வைத்தேன். "அது மேலயா வைக்கது? கோட்டி" என்று சொல்லி அவர் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பேச்சிமுத்து அப்போது பூசணிக்காய் உடைக்க வெளியே போயிருந்தார். அவருக்கு இது தெரியாது.

நான் வைத்த சந்தனம்.

நேற்று ராத்திரி தூங்கினேன். நவம்பர் 2க்குப் பிறகு நான் விடியும்வரை தூங்கியது நேற்றுதான்.

நவம்பர் 24, வெள்ளி

மழை. துணி காயவில்லை. கூடத்தில் கொடி கட்டினேன். கேஸ் தீர்ந்து சிலிண்டர் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றுச் சிலிண்டர் தயாராக இருந்தது, அவர் வாங்கி வைத்தது. நவம்பர் 2க்கு முந்தின வாரம் அவர் வீட்டு வேலையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்தார். ஃபேன்களைத் துடைத்தார். ஒழுகிய குழாயை மாற்றினார். ஸ்கூட்டரை என் பெயருக்கு எழுதிவைத்தார். இன்வர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நித்திலாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். நல்லவேளை. இல்லாவிட்டால் இப்போது நாங்கள் திண்டாடியிருப்போம்.

அவருக்குத் தூக்கம் இல்லாததற்கு டாக்டரைப் பார்ப்பதாக இருந்தது. இரண்டு தடவை பெயர் பதிவு செய்தேன். டூட்டி. மாற்று ஆள் இல்லை. முடியவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

திருக்கார்த்திகை. குடியிருப்பு முழுவதும் விளக்கு. எங்கள் வாசலில் மட்டும் இருட்டு. மாடிப்படியில் யாரோ வைத்த அகல் ஒன்று எங்கள் கதவு வரைக்கும் கொஞ்சம் வெளிச்சம் தந்தது.

நித்திலாவுக்கு அறிவியல் கைடு வாங்கிக்கொண்டு பேச்சிமுத்து வந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனதும் நான் சொன்னேன்.

"நீங்க எழுதிக் குடுக்க வேண்டாம். அது உங்க தப்பு இல்ல. அந்த ரைஃபிளுக்குச் சந்தனம் வச்சது நான்."

அவருக்குப் புரியவில்லை. பூசை அன்று நடந்ததை முழுவதும் சொன்னேன். எந்த இடத்தில் வைத்தேன் என்பதை ரிமோட்டில் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"ஐயய்யோ மதினி. இல்ல. அது இல்ல."

"நீங்கதான சொன்னீங்க?"

"நான் சும்மா சொன்னேன். சத்தியமா சும்மா. சந்தனம் எல்லா ரைஃபிள்லயும்தான் இருந்துச்சு. வருசா வருசம் வைக்கோம். எது இறுகிச்சு? அன்னைக்குச் சாயங்காலமே எல்லாத்தையும் தொடச்சிட்டேன்."

"தொடைக்கலன்னு சொன்னீங்க."

"பொய்தான சொல்லுதேன், நல்லாவே சொல்லுவோம்னு சொன்னேன்!" இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. "மதினி, நான் சொல்லுததக் கேளுங்க. செலக்டர் பூட்டுல இறுகியிருந்தா உள்ள குண்டே ஏறாது. ஏறணும்னா முதல்ல அதத் தள்ளிவிடணும். அது நல்லாத்தான் இருந்துச்சு. நான் கையால தள்ளிப் பாத்தேன்."

"எப்போ பாத்தீங்க?"

"எல்லாம் முடிஞ்ச பெறகு. அன்னைக்கே."

"அதுக்குள்ள இளகியிருக்கும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வாரேன் மதினி" என்று எழுந்தார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

என் மனம் நோகுமே என்று மாற்றிச் சொல்கிறார். முதலில் சொன்னதுதான் உண்மை.

நவம்பர் 28, செவ்வாய்

பள்ளி ஆய்வகத்தில் பியூரெட் திருகுகள் இறுகிக்கிடந்தன. வருடம்தோறும் மழைக்காலத்தில் இந்தத் தொல்லை உண்டு. திருகின் இடுக்கில் உப்பு படிந்து, காய்ந்து, கண்ணாடியோடு கண்ணாடி பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் போட்டுப் பொறுமையாக அசைத்தால் விடும். அவசரப்பட்டால் உடையும்.

ஆக, இடுக்கில் புகுந்தது காய்ந்து இறுகுவது நடக்கக்கூடியதுதான். இதற்குப் பேச்சிமுத்துவின் சாட்சி தேவையில்லை. செய்தே பார்க்கலாம்.

வரும் வழியில் சைக்கிள் கடையில் ஒரு பொட்டலம் கிரீஸ் வாங்கினேன்.

நவம்பர் 29, புதன்

வீட்டில், ஒரே ஆணியில் இரண்டு இரும்புத் தகடுகள் திரும்பும் பொருள் என்று பார்த்தால் கத்தரிக்கோலும் பாக்குவெட்டியும்தான். இரண்டின் ஆணியிலும் கிரீஸ் தடவினேன். அதே சந்தனக்கட்டை, அதே கல், அதே பன்னீர். உரைத்து ஆணியைச் சுற்றி அப்பினேன். ஃபேனுக்கு அடியில் தாளை விரித்து வைத்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு நான் தயாரிக்க வேண்டிய கேள்வித்தாள் பாதிதான் ஆகியிருக்கிறது. தலைமையாசிரியை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 1, வெள்ளி

கத்தரிக்கோல்: முதல் அசைவிலேயே சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாக்குவெட்டி: கிரீஸும் சந்தனமும் குழைந்து வழவழவென்று ஆகியிருந்தது. முன்னைவிடச் சுலபமாகத் திரும்புகிறது.

இரண்டு நாள் போதாது. பூசைக்கும் அந்த நாளுக்கும் இடையே இன்னும் அதிக நாள் இருந்தது. அங்கே வெக்கையும் அதிகம். கத்தரிக்கோலில் மறுபடி அப்பி, மூடாக்குப் போட்டு, அடுப்பு மேடை ஓரத்தில் வைத்தேன். குங்குமத்தை மறந்திருந்தேன். அதையும் சேர்த்தேன்.

டிசம்பர் 2, சனி

அதுவும் இறுகவில்லை.

திருநீறைக் குழைத்துப் பார்த்தேன். இறுகவில்லை. கிரீஸ் இல்லாமல் பார்த்தேன். இறுகவில்லை.

பூசையில் பொரிகடலை இருந்தது. அதில் வெல்லம் கலந்திருந்ததாக ஞாபகம். என் கையில் வெல்லம் ஒட்டியிருந்திருக்கலாம். அந்தக் கையாலேயே சந்தனத்தைத் தொட்டிருக்கலாம்.

டிசம்பர் 3, ஞாயிறு

இறுகிவிட்டது! வெல்லப்பாகு ஒரு கரண்டி, சந்தனம், கொஞ்சம் கிரீஸ். கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிரித்துப் பார்த்தேன். கல்லாகிவிட்டது. அசையவே இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனை நாளாயிற்று. ஜெபமணி அக்காவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

நித்திலா ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட உட்கார்ந்திருந்தாள். "அம்மா, கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். அதை என் கையில் பார்த்தாள். வாங்கினாள். பிரிக்கப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"என்னம்மா இது? சந்தனமா?"

"ஆமா."

"எறும்பு வருது."

"வெல்லமும் போட்டிருக்கேன்."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கத்தரிக்கோலையே பார்த்தாள். மேடையில் பாக்குவெட்டி, கிரீஸ் பொட்டலம், சந்தனக் கல், நான் தேதி போட்டு ஒட்டியிருந்த காகிதத் துண்டுகள். எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. சின்ன வீடு. கதவுகளும் மெல்லியவை.

"அம்மா" என்றாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். "துப்பாக்கிக்கு யாரும்மா வெல்லம் வைப்பா?"

கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டாள். அது விடும்வரை பக்கத்திலேயே நின்று, கழுவித் துடைத்து, எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து பழுப்புத்தாள் வெட்டுகிற சத்தம் கேட்டது.

டிசம்பர் 4, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

வியாழக்கிழமை விசாரணை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சாயங்காலம் பேச்சிமுத்து வந்தார். இன்று உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"மதினி, செலக்டர் மாட்டிக்கிட்டுன்னுதான் சொல்லப்போறேன். சந்தனத்தப் பத்தி வாயே திறக்க மாட்டேன். எண்ணெய் போடல, கவனிக்கலன்னு சொல்லுதேன். என்னய சஸ்பெண்டு பண்ணுவாங்க. பண்ணட்டும். அண்ணன் பேரு விபத்துன்னு நிக்கும்லா? பாப்பா நாளைக்கு நாலு பேரு முன்னால நிக்கணும்."

"உங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"இருக்கட்டும்."

"எதுக்காக இப்படி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். போன வருடம் ஒரு ரிமாண்டு கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனபோது அவன் பஸ் ஸ்டாண்டில் தப்பி ஓடியது இந்தக் குடியிருப்புக்கே தெரியும். இட்லி சாப்பிடக் கைவிலங்கைக் கழற்றிவிட்டதாக என் கணவருக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. அன்றிலிருந்து விசாரணை, விளக்கம், மறுபடி விசாரணை. அதோடு கருவூலக் காவலில் போட்டார்கள். லீவு கேட்டால், 'கைதியை விட்டவனுக்கு லீவு ஒரு கேடா' என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்களாம். இதுவரைக்கும் எனக்கும் தெரியும்.

"விலங்கக் கழத்துனது நான் மதினி" என்றார் பேச்சிமுத்து. "ஆள் பத்தலன்னு அன்னைக்கு என்னயும் கூட அனுப்பியிருந்தாங்கல்லா. அந்தப் பய ரெண்டு நாளாச் சாப்பிடலன்னான். அண்ணன் அப்போ டிக்கெட் விசாரிக்கப் போயிருந்தாரு. திரும்பி வந்து, 'காவல் பார்ட்டிக்கு நான்தான்டே பொறுப்பு, நீ வாயத் தொறக்காத'ன்னாரு. நானும் தொறக்கல. இப்பவாவது தொறக்கவா?"

இது எனக்குத் தெரியாது. ஒரு வருடம் ஒரே கட்டிலில் படுத்திருந்தவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவர் விழித்துக்கொண்டு படுத்திருப்பது எனக்குத் தெரியும். மூச்சை வைத்தே தெரியும். கேட்டால், "ஒண்ணுமில்ல வடிவு, நைட் டூட்டிப் பழக்கம்" என்பார்.

"இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றேன். சாப்பிட்டார். நித்திலா பரிமாறினாள். "சித்தப்பா, ரசம்?" என்று கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தாமலே தட்டை நீட்டினார்.

டிசம்பர் 7, வியாழன்

டி.எஸ்.பி. மரியாதையான மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அவருக்குப் பக்கத்தில் வாக்குமூலத்தை எழுத ஒரு காவலர். பேச்சிமுத்து வராந்தாவில் தன் முறைக்காகக் காத்திருந்தார். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மேசையில் ஒரு ரைஃபிள் இருந்தது. "இது அது இல்லம்மா. அதே மாதிரி வேற. நீங்க பயப்படாதீங்க" என்றார் டி.எஸ்.பி. "செலக்டர் கோளாறுன்னு ஒரு பேச்சு இருக்கு. உங்க கணவர் உங்ககிட்ட அப்படி ஏதாவது சொன்னாரா?"

"நான் தொட்டுப் பாக்கலாமா சார்?"

அவர் யோசித்தார். குண்டு இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்து காட்டிவிட்டு என் பக்கம் திருப்பினார். அந்தச் சின்ன மூக்கின் மேல் கட்டைவிரலை வைத்தேன். கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருந்தது. புதுப் பொருளுக்கு இருக்கும் அழுத்தம்தான். டக் என்று போயிற்று. திரும்பத் தள்ளினேன். டக் என்று வந்தது. தவறிப்போய்த் தட்டுப்பட்டு நகர்கிற பொருள் இல்லை அது. தள்ளினால்தான் போகும்.

"ரைஃபிள்ல குறை ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "ஆர்மரர் பூசை அன்னைக்கே எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டாரு. செலக்டர் மாட்டிக்கிட்டுன்னு இனி யார் வந்து சொன்னாலும், அது எங்க மேல உள்ள பாசத்துல சொல்றது."

எழுதுகிற காவலரின் பேனா நின்றது. டி.எஸ்.பி. கண்ணாடியைக் கழற்றினார். எதற்கோ தயாராக வந்தவர் அதை வேறு திசையிலிருந்து கேட்டதுபோல இருந்தார்.

"அப்படின்னா..." என்றார். "அப்படின்னா காரணம்னு ஒண்ணு எழுதணும்மா. வீட்டுல ஏதும் மனஸ்தாபம்?"

"இல்ல சார்."

"கடன்?"

"இல்ல."

"தீராத வயித்துவலி மாதிரி ஏதாவது? நான் உங்க நல்லதுக்குத்தான் கேக்கேன். அப்படி எழுதிட்டா பிறகு யாரும் எதுவும் தோண்ட மாட்டாங்க."

பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறேன், தீராத வயிற்றுவலி என்று. ஊரில் இத்தனை பேருக்கு வயிறு வலிக்குமா என்று என் கணவரிடமே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "எழுதுதவனுக்கும் ஒரு வரி வேணும்லா" என்றார்.

"அவருக்கு வயிறு நல்லாத்தான் இருந்தது சார். தூக்கம்தான் இல்ல. ஒரு வருசமா இல்ல. கைதி ஓடுன நாளிலிருந்து இல்ல. டாக்டரப் பாக்க லீவு கேட்டாரு. எல்லாரும் கேக்குற மாதிரி அசிங்கமாப் பேசி, இல்லன்னாங்க. மறுபடி கேட்டாரு. மறுபடியும் இல்லன்னாங்க. தூக்கம் இல்லாத ஒரு மனுசனத் துப்பாக்கியோட தனியா உட்கார வச்சாங்க. இதத்தான் எழுதணும்."

"அம்மா, இது டிபார்ட்மென்ட் மேல புகார் மாதிரி ஆகும்."

"புகார்னு போட வேண்டாம். காரணம்னு போடுங்க."

"என் அறிக்கையில அப்படி எழுத முடியும்னு நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது."

"உங்க அறிக்கை உங்களுது சார். இது என் வாக்குமூலம். நான் சொன்னது இதுல இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே கவாத்து மைதானத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. யாரோ இருவர் செங்கல் போட்டு வழி செய்துகொண்டிருந்தார்கள். பிறகு டி.எஸ்.பி. அந்தக் காவலரிடம், "அம்மா சொன்னத அம்மா சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றார். அந்தக் காவலருக்கு வயது இருபத்தைந்து இருக்கும். 'அசிங்கமாப் பேசி' என்ற இடத்தில் அவர் மேலதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எழுதினார்.

படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். விலங்கைக் கழற்றியது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கணவர் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

வராந்தாவில் பேச்சிமுத்து எழுந்து நின்றார்.

"செலக்டர் நல்லா இருந்ததுன்னு சொல்லிட்டேன். நீங்க வேற சொன்னா என் வாக்குமூலம் பொய்னு ஆயிரும்" என்றேன்.

"மதினி..."

"உள்ள கூப்பிடுறாங்க. போங்க."

பஸ்ஸில்தான் அழுதேன். பக்கத்தில் கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்த பெண் ஒன்றும் கேட்காமல், ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டு மாறி உட்கார்ந்தாள்.

டிசம்பர் 9, சனி

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். நித்திலாவுக்குத் தமிழ்ப் பரீட்சை இருந்தது. இன்று காலை சொன்னேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம், ஆளுக்கொரு முறம்.

"நித்தி, அப்பாவோட துப்பாக்கி மாட்டிக்கல."

அவள் கை நிற்கவில்லை. "ம்" என்றாள்.

"விசாரணையில அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்."

"ம்."

ஒரு கல்லை எடுத்துச் சுண்டினாள். அது கதவில் பட்டு விழுந்தது. பிறகு கேட்டாள்: "அப்பாவுக்கு நம்மளப் பிடிக்காமப் போச்சா?"

"இல்லடா."

"அப்போ அன்னைக்குக் காலையில என்னய எதுக்கு இன்வர்ட்டர மறுபடி செக் பண்ணிக் காட்டச் சொன்னாரு? அப்பவே தெரியுமா அவருக்கு?"

இதை அவள் இத்தனை நாளாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானும்தான். சிலிண்டர், குழாய், ஸ்கூட்டர். நல்லவேளை, நல்லவேளை என்று எழுதிவைத்திருக்கிறேன்.

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"லீவு குடுத்திருந்தா?"

"தெரியல நித்தி. எனக்கு நிஜமாவே தெரியல."

அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உமி பறந்தது. "ஸ்கூல்ல கேப்பாங்க. நான் இவ்வளவு நாளும் ஆக்சிடென்ட்னு சொல்லியிருக்கேன். இப்போ என்ன சொல்ல?"

"உனக்குச் சொல்லத் தோணுறவங்ககிட்ட நடந்ததச் சொல்லு. தோணலன்னா ஒண்ணும் சொல்லாத. பொய் மட்டும் சொல்ல வேண்டாம். அது தூக்க முடியாத கனம்."

"தற்கொலைன்னா சொல்லணும்?"

இந்த வீட்டில் அந்த வார்த்தையை முதலில் சொன்னது அவள். பதினைந்து வயது. அவளைச் சொல்ல வைத்துவிட்டேனே என்று இருந்தது.

"ஆமா" என்றேன். "அப்பா தற்கொலை பண்ணிக்கிட்டாங்க."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்மேல் சாய்ந்தாள். உடம்பு முழுவதும் குலுங்கிற்று. நவம்பர் 2லிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் தலைமுடியில் உமி ஒட்டியிருந்தது. ஒன்றிரண்டை எடுத்தேன். மற்றதை விட்டுவிட்டேன்.